அடுத்த பாயில் அஞ்சலை அக்கா

திகாம் பத்துவில் வசந்தி கொடுத்த முதல் தேநீரிலேயே என் அதிர்ச்சிகள் தொடங்கிவிட்டன. வசந்தி என் சித்தி மகள். முப்பது வருஷத்துக்கு முன் கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்தவள். அவள் நீட்டிய கண்ணாடி டம்ளரின் அடியில் இரண்டு விரற்கடைக்குக் கட்டிப்பால் நின்றது. மன்னார்குடியில் அரைக் கரண்டிச் சர்க்கரைக்கே யோசிக்கிறவள் நான். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பாயசம் என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்தேன்.

அடுத்தது, அக்கம்பக்கத்தார் என்னைப் பார்த்ததும் கேட்ட கேள்வி. "பசியாறிட்டீங்களா?" நம் ஊரில் மேடையில் பேசுகிறவர்கள்கூட இப்போது பசியாறுவதில்லை, டிபன் சாப்பிடுகிறார்கள். இங்கே சந்தையில் மீன் விற்கிற அம்மாள் பசியாறுகிறார். அதே மூச்சில் காரைக் காடி என்றும் கடைத்தெருவைப் பசார் என்றும் சொல்லி, ஒரு 'லா' போட்டு முடிக்கிறார். "ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?" என்றால் இந்தியாவிலிருந்தா என்று பொருள். அது விளங்க எனக்கு ஒரு நாள் ஆனது. அதுவரை "இல்லை, மன்னார்குடியிலிருந்து" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்த காரியம் வசந்தி மகனின் கல்யாணம். அது நன்றாகவே முடிந்தது. பந்தியில் என் அருகே உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் வசந்தி என்னை ஒரே மாதிரி அறிமுகம் செய்துவைத்தாள். "எங்க அக்கா. அத்தான் பக்கவாதத்துல விழுந்து ஆறு வருஷம் படுக்கை. ஒருநாள் முகம் சுளிச்சதில்ல. முதுகுல ஒரு புண்ணு வர விடல." நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மன்னார்குடியில் டாக்டர் அப்படிச் சொன்னார். என் மகன் கார்த்தி சொன்னான். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் எழுந்ததும் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க என் கைகள் தாமாகவே நீளும். கட்டில் காலியாக இருக்கும். அந்த வேலை முடிந்துபோன பிறகு நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இதை ஒருநாள் பேச்சுவாக்கில் வசந்தியிடம் சொன்னேன். அவள் உடனே ஒரு வழி வைத்திருந்தாள். கூலிம் பக்கம் கரங்கானைத் தாண்டி ஒரு பழைய தோட்டத்துத் துரை பங்களாவில் தியான முகாம் நடக்கிறதாம். ஐந்து நாள் ஒரு சொல் பேசக்கூடாது. உள்ளே இருக்கிற நிஜமான நம்மைக் கண்டுபிடித்துக்கொண்டு வரலாமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கிளை நூலகத்தில் இருபத்தாறு வருஷம் நூலகராக இருந்தவள் நான். மற்றவர்களின் வாயை மூடவைத்தே சம்பளம் வாங்கியவள். ஐந்து நாள் மௌனம் எனக்கு ஒரு பரீட்சையா?

போகிற வழியில் தோட்டத்துச் சாலை ஒன்றில் செம்பனைக் குலை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை, ஏற்றிய லாரி சாய்ந்து பாதையை மறித்துவிட்டது. ஒவ்வொரு குலையும் ஒரு கைக்குழந்தை கனம், உடம்பெல்லாம் முள். லாரி டிரைவர் யாரையும் திட்டவில்லை. சாலையோரம் குந்தி வெற்றிலை போட்டார். வசந்தியின் கணவர் காடியை நிறுத்திவிட்டு, மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, போய்க் குலைகளைத் தூக்கினார். பின்னால் வந்த மலாய்க்காரர் ஒருவரும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைகொடுத்தார். நம் ஊரில் முதலில் நாலு ஆரன் சத்தமாவது கேட்டிருக்கும். ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

பங்களா ஒரு மேட்டின் மேல் இருந்தது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இவர்கள் சொல்லில் பால்மரம். இப்போது கண்ணுக்கு எட்டின தூரம் செம்பனை. பொறுப்பாளர் புனிதா என்பவர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மெல்லிய குரல். கைபேசிகளை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டினார். பேச்சு கிடையாது, படிப்பு கிடையாது, எழுத்து கிடையாது. உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாசலில் இருந்த பெட்டியில் போடலாம். வாயை மூடிவிட்டால் உள்ளே இருக்கிறவர் பேச ஆரம்பிப்பார், அவர்தான் நிஜமான நீங்கள், அவரைக் கண்டு பயப்படாதீர்கள் என்று அவர் சொன்னார்.

நான் பயப்படவில்லை. எனக்குள் யார் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியுமே.

மாடிக் கூடத்தில் பெண்கள் ஒன்பது பேருக்குப் பாய் விரித்திருந்தார்கள். எனக்கு வலப்பக்கம் சாந்தி என்ற இளம்பெண். பாலர்பள்ளி ஆசிரியை. இடப்பக்கம் அறுபது தாண்டிய ஓர் அம்மாள். குள்ளம், நரைத்த முடியைச் சிறு கொண்டையாகப் போட்டிருந்தார், பூப்போட்ட சாரோங்கும் தொளதொளத்த சட்டையும். மௌனம் தொடங்குமுன் பெயர் சொல்லிக்கொண்டோம். அவர் பெயர் அஞ்சலை. "அஞ்சலை அக்கான்னு கூப்புடுங்க, எல்லாரும் அப்படித்தான்" என்றார். அதற்குப் பிறகு கூப்பிட வாய்ப்பில்லை, மணி அடித்துவிட்டார்கள்.

முதல் நாள் முதுகுவலியில் போனது. மதியச் சாப்பாடு சோறு, கங்கோங் கீரை, சோயாக் கட்டி. சாயங்காலம் தேங்காய்ப்பாலில் வெந்த பாசிப்பயற்றுக் கஞ்சி. அதில் மட்டும் எனக்குக் குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பாயில் படுத்து ஓய்வு. நான் கண்ணயர்ந்ததும் தடாலென்று ஒரு சத்தம். பதறி எழுந்தேன். அஞ்சலை அக்காவின் எவர்சில்வர் டம்ளர் பலகைத் தரையில் உருண்டுகொண்டிருந்தது. அவர் அதை எடுத்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

இரண்டாம் நாள் தியானத்தில் எனக்கு ஏதோ கிடைத்தது போலிருந்தது. கண்ணை மூடினால் எங்கள் வீட்டு அறை தெரிந்தது. வெந்நீரில் துணியை நனைத்து அவர் முதுகைத் துடைக்கிறேன். அவர் கண்கள் என்னையே பார்க்கின்றன. எனக்குக் கண்ணீர் வழிந்தது. இதுதான் நான், இந்தப் பொறுமைதான் என் அடியாழம் என்று நினைத்தபோது உடம்பு லேசாகிவிட்டது. அந்த நிறைவோடு மதியம் படுத்தேன். மறுபடி டம்ளர். அதன் பிறகு இருமல். பிறகு பிளாஸ்டிக் பையைக் கசக்குகிற சத்தம், விடாமல். எழுந்து உட்கார்ந்து முறைத்தேன். அவர் உடனே நிறுத்திவிட்டார். நான் படுத்துக் கண்ணயர்ந்ததும் மறுபடி ஆரம்பித்தார்.

நூலகத்தில் இப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். நாம் பார்க்கும்போது பூனை மாதிரி இருப்பார்கள். நாம் திரும்பியதும் வேர்க்கடலையை உடைப்பார்கள்.

மூன்றாம் நாள் மதியம் அவர் தன் காலால் என் காலை உதைத்தார். மெதுவாகத்தான். ஆனால் உதைத்தார். கண் விழித்தபோது எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. நேராகப் போய்ச் சீட்டு எடுத்து எழுதினேன். 'இடப்பக்கத்துப் பாயில் இருப்பவர் மூன்று நாளாக ஓய்வு நேரத்தில் வேண்டுமென்றே சத்தம் போட்டு என்னை எழுப்புகிறார். இன்று காலால் உதைத்தார். இவர் தியானத்துக்கு வந்தவராகத் தெரியவில்லை.' கடைசி வாக்கியத்தை எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதினேன். அதை எழுதும்போது சுகமாக இருந்தது.

நான்காம் நாள் காலை புனிதா அவரை வராந்தாவுக்கு அழைத்துப் பேசுவதைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அஞ்சலை அக்கா தலையை ஆட்டினார். பிறகு கூடத்துக்கு வந்து துணிகளை ஒரு பையில் போட்டார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் துண்டையும் தன் துண்டோடு எடுத்து வந்து, மடித்து, என் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். காவலாளியின் மோட்டார் மேட்டை விட்டு இறங்குகிற சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடி நேராக உட்கார்ந்தேன்.

அன்று மதியம் ஒரு சத்தமும் இல்லை. ஆழ்ந்து தூங்கினேன்.

எழுந்தபோது சாந்தி பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். எதிர் வரிசையில் இரண்டு பேர் எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை அக்காவின் பாய் இருந்த இடத்துக்கு அப்பால் படுத்திருந்தவர் தன் பாயையே நகர்த்திப் போட்டிருந்தார். என்ன என்று கேட்கவும் முடியாது. அன்று சாயங்காலக் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பசியாறிய பிறகு மௌனத்தைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என்னிடம் மட்டும் யாரும் வரவில்லை. நானாகப் போய்ச் சாந்தியிடம், நேற்று மதியம் என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"ஆன்ட்டி, நீங்க தூக்கத்துல பேசுவீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

இல்லை என்றேன். என்னிடம் யாரும் சொன்னதே இல்லை.

"முன்ன மூணு நாளும் நீங்க வாயைத் தொறக்கிற நேரத்துல அந்த அக்கா டம்ளரை உருட்டுவாங்க. இல்லாட்டி இருமுவாங்க. எங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. நேத்து அவங்க இல்ல."

நான் என்ன பேசினேன் என்று கேட்டேன். அதை என் வாயால் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி என்றாள். நான் வற்புறுத்தியதும் அவள் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் அந்தச் சின்னப் பெண்ணைப் பிடித்துக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

புனிதாவிடம் போனேன். அஞ்சலை அக்கா என்ன காரணம் சொன்னார் என்று கேட்டேன். ஒன்றுமே சொல்லவில்லையாம். நீங்கள்தான் சத்தம் போட்டீர்களா என்றதற்கு ஆமாம் என்றாராம். ஏன் என்றதற்குச் சும்மா இருந்தாராம். ஒரு காரணம் சொல்லியிருந்தால் வேறு மூலையில் பாய் போட்டுக் கொடுத்திருப்பேன், இரண்டு வருஷமாக இந்த முகாமுக்கு இடம் கேட்டுக்கொண்டிருந்தவர் என்றார் புனிதா. நான் சாந்தி சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு தாளில் அஞ்சலை அக்காவின் லூனாஸ் ஊர் முகவரியை எழுதிக் கொடுத்து, அடுத்த மாத முகாமுக்கு அவர் கட்டாயம் வர வேண்டும் என்று புனிதா கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள் என்றார்.

கூலிமில் பஸ் ஏறினேன். குளிர்ந்த காற்று, மெத்தென்ற இருக்கை. நாலு நாள் களைப்பு கண்ணை இழுத்தது. பக்கத்தில் தலைக்கு முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். தூங்கிவிட்டால்? தொடையைக் கிள்ளிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழித்திருப்பதிலேயே குறியாக இருந்ததில் லூனாஸைக் கோட்டைவிட்டேன். டிரைவரிடம் கேட்டபோது அவர் பின்பக்கமாகக் கையைக் காட்டினார்.

இறங்கின இடத்தில் ஒரு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற ரொட்டிக் கடைக்கு இங்கே அப்படித்தான் பெயர். கல்லாவில் இருந்த பாய் என் முகத்தைப் பார்த்ததும் முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு, "ஊரா தங்கச்சி?" என்றார். இந்த முறை சரியாக ஆமாம் என்றேன். அவருடைய அத்தா கடையநல்லூராம். பசியாறியாயிற்று என்று எவ்வளவோ சொல்லியும் ஒரு ரொட்டி சானாய் வந்தது. காகிதம் போல வீசி, மடித்து, சுட்டு, பருப்புக் குழம்போடு. வாயில் போட்டேன், ருசி தெரியவில்லை. லூனாஸ் பக்கம் போகிற வாடிக்கையாளர் ஒருவரைப் பிடித்து, முகவரியைப் படித்துக் காட்டி, என்னை வீட்டு வாசலிலேயே இறக்கச் சொல்லி ஏற்றிவிட்டார். காசு வாங்கவில்லை. கவலைப்படாதீங்க, எதுவானாலும் பேசினா தீந்துடும் என்றார். என்ன பிரச்சினை என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. கம்பிக் கதவுக்குள் அஞ்சலை அக்கா தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் கோபமில்லை. யாரோ விருந்தாளி வந்தது போல, "வாங்க தங்கச்சி, முகாம் முடிஞ்சிருச்சா? பசியாறிட்டீங்களா?" என்றார்.

சீட்டு எழுதியது நான்தான் என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"தெரியும்" என்றார். "நான் ஒதச்சா கோவம் வரத்தானே செய்யும். உள்ள வாங்க."

அவர் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்கியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் கையுறை ஃபேக்டரிக்குப் போனாராம். அங்கே பதினொரு வருஷம். வேலையை விட்டு நின்ற பிறகும் காதுக்குள் மிஷின் ஓடிக்கொண்டே இருந்ததாம், தூங்கும்போதுகூட. தியானத்துக்குப் போனால் நிற்கும் என்று யாரோ சொல்லித்தான் இரண்டு வருஷமாக இடம் கேட்டாராம். நின்றதா என்று கேட்டேன்.

"மூணாம் நாளு காலையில கொஞ்ச நேரம் நின்னுச்சு" என்றார். "அப்பா, எவ்ளோ அமைதி. குருவி கத்துறதே எனக்கு அப்பத்தான் கேட்டுச்சு."

அன்று மதியம்தான் நான் பெட்டியில் சீட்டைப் போட்டேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புனிதா சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். போறேன் லா, போகாம என்ன என்றார்.

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். தூக்கத்தில் என்ன சொன்னேன்?

அவர் பயற்றங்காயை நறுக்கினார். தூக்கத்துல பேசறதெல்லாம் ஒரு பேச்சா, விடுங்க என்றார். ராத்திரி மழை தகரத்துல விழுற சத்தத்துல யாருக்கும் கேக்கல, பகல்லதான் எனக்குப் பயமா இருந்துச்சு, மத்தவங்க உங்கள ஒரு மாதிரி பாப்பாங்களேன்னு, அதான். இவ்வளவுதான் சொன்னார். நான் விடவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது, எப்படி வீட்டுக்குப் போவேன் என்றேன்.

அவர் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"'இன்னும் எத்தனை நாளுக்கு இப்படியே கெடப்ப? செத்துத் தொலையேன். நான் தூங்கணும்.' இதுதான். மூணு நாளும் இதேதான். பேச்சு மாறல."

வெளியே ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. என்னை முதலில் அடித்தது அந்தச் சாபம்கூட இல்லை. 'கெடப்ப' என்றதுதான். கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் என் வீட்டுக்காரரை ஒருமையில் அழைத்ததே இல்லை. மனசுக்குள்கூட நீங்க, வாங்க என்றுதான். அப்படி ஓர் எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்திருப்பேன். இப்போது ஒன்பது பாய் விரித்த கூடத்தில் அதை நானே சொல்லியிருக்கிறேன், என் வாயால், தவறாமல், ஒரே மாதிரி.

கை கால் ஜில்லிட்டுப் போனது. அஞ்சலை அக்கா என் கையைப் பிடித்துத் தேய்த்தார். மரம் வெட்டிக் காய்ப்பேறிய உள்ளங்கை, அரம் மாதிரி இருந்தது. எனக்கு ஆறுதலாக ஏதாவது கேட்க வேண்டுமென்று நினைத்துத்தான் அவர் அதைக் கேட்டிருப்பார்.

"வீட்டுக்காரரு ஒடம்பு முடியாம இருந்தப்ப எங்க படுத்திருந்தாரு? ஆஸ்பத்திரியிலயா?"

இல்லை, வீட்டில், அதே அறையில், என் கட்டிலிலிருந்து நாலடி தள்ளி என்றேன்.

"நல்லா தூங்குவாரா?"

"தூக்கமே வராது. ராத்திரி முழுக்க முழிச்சுத்தான் கெடப்பார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்குக் கேட்டது. அக்காவும் என் கையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஆறு வருஷம். வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், கண்ணும் காதும் மட்டும் நன்றாக இருந்த மனிதர். நான் பகலில் முகம் சுளிக்காமல் வெந்நீர்த் துணியால் துடைத்தேன். ராத்திரி நாலடி தூரத்திலிருந்து அவரைச் சாகச் சொன்னேன். மறுநாள் காலை நான் துடைக்கும்போது அவர் கண்கள் என்னையே பார்த்தன. தியானத்தில் நான் கண்டு உருகிய அதே கண்கள்.

பையில் கைவிட்டுக் கைபேசியை எடுத்துக் கார்த்தியைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நம் ஊரில் காலை பத்து மணி இருக்கும். அவன் சென்னையில் ஆபீஸில் இருந்தான். அவன் அப்பா இருந்த காலமெல்லாம் அவனும் எங்களோடுதான் இருந்தான், வேலைக்காக இந்த வருஷம்தான் போனான். அறைக்கு வெளியே கூடத்தில் படுத்துக்கொள்வான்.

என்னம்மா, தியானம் முடிஞ்சுதா என்றான். நான் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டேன். நான் தூக்கத்தில் பேசுகிறேன், அப்பாவைச் செத்துப்போ என்று சொல்லியிருக்கிறேன், அப்பா கேட்டிருப்பார் என்று. குளறிக் குளறிச் சொன்னேன்.

அவன் எழுந்து எங்கோ நடந்துபோகிற சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"தெரியும்மா" என்றான்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"முதல் தடவை கேட்டப்ப உன்னை எழுப்பத்தான் உள்ளே வந்தேன். அப்பா இடது கையைத் தூக்கி, வேண்டாம்னு காட்டினார். அப்புறம் எப்ப வந்தாலும் அப்படித்தான். நீ பேசி முடிக்கிற வரைக்கும் உன் பக்கமே பார்த்துக்கிட்டிருப்பார். நீ அடங்கினதும் போர்வையைக் காட்டுவார். நான் உனக்குப் போர்த்திவிட்டுட்டுப் போயிடுவேன்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தூங்கவே மாட்டியேம்மா. அப்பா அதுக்குத்தான் பயந்தார்."

எவ்வளவு நேரம் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அவன் அந்தப் பக்கம் இருந்தான். கடைசியில், மீட்டிங் இருக்கும்மா, சாயங்காலம் கூப்பிடறேன், சாப்பிடு என்று வைத்தான்.

அஞ்சலை அக்கா என் முன்னால் ஒரு தட்டில் சோறும், பயற்றங்காயும், பொரித்த கெளுத்திக் கருவாடும் வைத்தார். நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதே கார்த்தி சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் தன் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், மனுசன் லா என்றார். அவ்வளவுதான்.

லூனாஸுக்கே வந்து என்னை அழைத்துப்போகும்படி வசந்திக்குச் சொன்னேன், அவள் வருவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அக்கா கூடத்தில் பாய் விரித்துத் தலையணை போட்டார். மகள் ஃபேக்டரியிலிருந்து வர நேரமாகும், யாரும் வர மாட்டார்கள், படுங்கள் என்றார். தானும் சுவரோரம் இன்னொரு பாயைப் போட்டுக்கொண்டார். நான் படுத்தேன். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. கண் தானாகச் சொருகியது. அப்போதுதான் நினைவு வந்து தலையைத் தூக்கினேன்.

"அக்கா, இன்னைக்கு நான் பேசினா எழுப்பாதீங்க."

"எழுப்பல. நீங்க தூங்குங்க" என்றார்.